படகு எண்ணெய் வழக்குக்கு ஆள் சேர்த்த கதை

பிள்ளைகளே, என் முழங்கையில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் கெளுத்தி முள் கிழித்தது என்று சொல்லிவிட்டேன். அது பொய். உண்மையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரிக்கரையிலிருக்கும் நம் தோணிரேவுக்கு ஒரு புது எண்ணெய் வந்தது. படகின் அடிமரத்தைப் புழு அரிக்காமல் இருக்க அதுவரை மீன் எண்ணெய்தான் பூசுவோம். புது எண்ணெய் பச்சை டின்னில் வரும். டின் மேல் படத்தில் ஒருவர் வெறும் கையால் படகைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார். அவர் சிரிக்கிறாரே என்று நாங்களும் வெறும் கையால் தேய்த்தோம். மூன்றாம் நாள் எனக்கு முழங்கை வரைக்கும் கொப்புளம்.

டின்னைத் தூக்கிக்கொண்டு பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் படம்தான்யா நம்ம சாட்சி. கையுறை போடுன்னு ஒரு வார்த்த இல்ல பாரு! ஆனா நீ ஒருத்தன் மட்டும் போய் நின்னா, உன் தோலு அப்படின்னு சொல்லிடுவாங்க. கை வெந்தவங்க இன்னும் நாலு பேரைக் கூட்டியா."

"நீங்களே ஊருக்கு வந்து பாருங்களேன் சார்."

"வக்கீல் ஆள் தேடி வரக்கூடாதுப்பா. நீதான் தேடணும்."

என் மனதில் முதலில் வந்தது உங்கள் தாய்மாமன்தான். எனக்கு மேல்தோல் போனதோடு சரி. அவனுக்கு வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்த சீட்டும் அவனிடம்தான் இருந்தது. அவன் வந்தால் வழக்கு நிற்கும். வராவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். போனால், கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல மாமா."

"கையைக் காட்டுடா."

"கோர்ட்டுல கை போச்சுன்னு எழுதுவாங்க. அப்பறம் பாடுல என் பேரு நிக்குமா? நீ சொல்லு."

பாடு என்றால் உங்களுக்குத் தெரியும். ஏரியில் மீன் படுகிற இடத்தை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. ஊரே சீட்டுப் போட்டு, முறை வைத்துத்தான் வலை கட்டுவோம். வலை இழுக்கக் கையில்லாதவன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். எழுந்து வந்துவிட்டேன்.

நாலு பேர் கேட்டால் இரண்டு பேர்தான் வருவார்கள் என்று ஊர்க் கூட்டத்தில் இரட்டிப்பாகவே கேட்டேன்: "எண்ணெய்க் கம்பெனி மேல வழக்குப் போடணும், எட்டுப் பேர் வேணும்." கை வெந்த எட்டுப் பேர் என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். தலைவரும் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டுப் பேர் தலைக்கு எண்ணெய் தடவி, சலவைச் சட்டை போட்டு, பஸ்ஸுக்கு நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொன்னேரி வரைக்கும் ஒரே பாட்டும் கூச்சலும்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க, கைய நீட்டுங்க."

பதினாறு கை நீண்டது. காய்ப்புக் காய்த்திருந்ததே தவிர ஒரு கொப்புளம் கிடையாது. வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்குப் புண்ணு எங்க?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டார். ஊரிலேயே பெரிய வாய் அவருக்குத்தான்.

"புண்ணு இல்ல சார். ஆனா இந்த வாட்டி என் முறை."

"இன்னா முறை?"

"பாடு முறை சார். வலைக்குப் போடற மாதிரியே சீட்டுப் போட்டு எட்டுப் பேருக்கு விழுந்துச்சு. கோர்ட்டுல எது வந்தாலும் ஊருக்குப் பொதுதானே? அடுத்த வழக்குக்கு வேற எட்டுப் பேரு வருவாங்க."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். குமாஸ்தா வெளியே போய்ச் சிரித்தார். கடைசியில் நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வக்கீல் சொன்னார்: "வலி பட்டவன்தான்யா வழக்குப் போடமுடியும். அதுக்கு முறை வெக்க முடியாது."

பெரிய வாய்க்காரர் முகம் மாறியது. "அப்போ இவன் மச்சான்தானே சார் வரணும்? அவன் கைதான் வெந்துபோச்சு. ஏண்டா, அவன் ஏன் வரல?"

மைத்துனன் பயத்தைச் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு இல்லை. ஊரில் இறங்கியதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைவரையும் கூட்டிக்கொண்டு நேராக மைத்துனன் வாசலுக்குப் போனார்கள். பெரிய வாய்க்காரர்தான் குரல் கொடுத்தார்.

"டேய், வெளிய வாடா! பாடுல பேர எடுத்துடுவோம்னு எவன்டா உனக்குச் சொன்னான்?"

"யாரும் சொல்லலண்ணே. நானே..."

"நீயே சொல்லிக்கினியா? கை சரியாவுற வரைக்கும் உன் முறைக்கு நாங்க எட்டுப் பேரும் மாத்தி மாத்தி வலை இழுப்போம். உன் பங்கு உனக்கு. இந்தா, தலைவரு முன்னாடியே சொல்றேன். இப்ப துண்ட எடு."

அவன் மெதுவாகத் துண்டை அவிழ்த்தான். பார்த்ததும் பெரிய வாய்க்காரரே வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிச் சீட்டோடு அவன் என்கூட வந்தான். அவன் வருகிறான் என்று தெரிந்ததும், அதுவரை கையை மறைத்து வைத்திருந்த மூன்று பேர் தாங்களாகவே பஸ் ஏறினார்கள். அதில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர்! வழக்கு முடிய வருஷக்கணக்காகி, நஷ்ட ஈடு வந்து சேர்ந்தது. டின் மேல் சிரித்துக்கொண்டிருந்தவர் கையுறை போட்டுக்கொண்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது கோர்ட்டு இல்லை. உங்கள் மாமனின் பாடு முறை வந்த அன்று பெரிய வாய்க்காரர்தான் வலை இழுக்கப் போனார். மாமன் கைக்கட்டோடு படகு முனையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். கரையில் நின்ற எங்களுக்கே அவன் குரல் கேட்டது:

"இன்னாண்ணே இழுக்கற? வாய் இருக்கற அளவுக்குக் கையில பெலம் இல்லியே! இழு, இழு!"