தள்ளுபடிக்குக் காத்திருந்த சங்கிலி

என் நாலு பவுன் சங்கிலியைப் பிறந்த வீடும் போடவில்லை, புகுந்த வீடும் போடவில்லை. மாடு வைத்துப் பால் ஊற்றி, விழுப்புரத்துக் கடையில் நானே பேரம் பேசி வாங்கியது. அதை அடகில் விட்டு வைத்த முட்டாள்தனமும் என்னுடையதுதான். மறைக்கிற அவசியம் எனக்கில்லை.

அடகு வைத்தது தப்பில்லை. மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மோட்டார் புகைந்துபோனது. கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைவு. வைத்தேன், மோட்டார் ஓடியது. அறுவடை முடிந்து திண்டிவனத்தில் மூட்டை போட்டுப் பணமும் வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு நகையைத் திருப்பக் கிளம்பிய காலையில்தான் என் கொழுந்தனார் எதிரே வந்தார்.

வீட்டுக்காரரின் தம்பி. சொந்தமாகப் பத்து ரூபாய் சேர்த்ததில்லை. ஆனால் அடுத்தவர் பணத்தை என்ன செய்வது என்று ஊருக்கே வழி சொல்வார். டீக்கடையில் பேப்பர் படிப்பவர் என்று அந்த வாய்க்கு ஒரு மதிப்பு.

"எங்க அண்ணி, ஜல்தியா போய்க்கினு இருக்கீங்க?"

"நகையத் திருப்பத்தான்."

"பொழைக்கத் தெரியாதவங்க நீங்க. எலெக்ஷன் வருது, நகைக்கடன் தள்ளுபடின்னு பேசிக்கினு இருக்காங்க. ஊரே கட்டாம உக்காந்துக்கினு இருக்கு. நீங்க ஒருத்தர் போய்க் கட்டப்போறீங்களா?"

ஊர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. கடனே இல்லாதவள்கூடக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தாள். எதிர்வீட்டுக்காரி வெறும் கழுத்தோடு கல்யாணத்துக்குப் போய், அதைப் பெருமையாக வேறு சொன்னாள். இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் காறித் துப்பியிருக்க வேண்டிய நான் திரும்பி நடந்தேன். ஓசி என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

கையில் நின்ற பணம் தங்கவில்லை. ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீர், மருமகன் வண்டிக்கு முன்பணம் என்று கரைந்தது. வட்டி மட்டும் கரையவில்லை.

தேர்தல் முடிந்து தள்ளுபடியும் வந்தது. சங்கத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் தேடினேன். என் பேர் இல்லை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஒரு ரேஷன் கார்டுக்கு அஞ்சு பவுன் வரைக்கும்தான்மா. உங்க கார்டுல ரெண்டு பேரு வச்சிருக்கீங்க. உங்களுது நாலு, இன்னொருத்தருது மூணு. மொத்தம் ஏழாச்சு. ரெண்டுமே வராது."

"யாரும்மா அந்த இன்னொருத்தரு?"

கொழுந்தனாரேதான். தனிக்குடித்தனம் போய் இருபது வருஷம் ஆகியும் அவர் பேர் என் கார்டில் கிடந்தது. அவர் பெண்டாட்டி பேர் அவள் தாய்வீட்டுக் கார்டில். ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை வருகிறதே என்று இரண்டு வீட்டிலும் யாரும் பேரை எடுக்கவில்லை. அந்தச் சர்க்கரையை நானும்தான் வாங்கித் தின்றேன். இப்போது என் கார்டைக் காட்டிப் பெண்டாட்டி நகையை வைத்துவிட்டு, எனக்கும் ஆலோசனை சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் ஏல நோட்டீஸ் வந்தது. அவரிடம் காட்டினேன்.

"சும்மா மெரட்டுவாங்க அண்ணி. அடுத்த எலெக்ஷன்ல பாத்துக்கலாம்."

அந்த மூஞ்சிக்குப் பதில் சொல்வது தண்டம். கறவை மாட்டை விற்றேன். ஏலத் தேதி நெருங்கியது தெரிந்து வியாபாரி அடிமாட்டு விலை கேட்டான். தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அசலும் வட்டியும் கட்டிச் சங்கிலியை அங்கேயே கழுத்தில் போட்டேன். பெஞ்சில் இருந்த பெண்கள் என்னைப் பைத்தியத்தைப் போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நேரே திண்டிவனம் தாலுக்கா ஆபீசுக்குப் பஸ் ஏறி, கார்டில் அவர் பேரை எடுக்க எழுதிக் கொடுத்தேன். மூன்று தரம் அலைய விட்டார்கள், அலைந்தேன். செய்தி தெரிந்து கொழுந்தனார் வந்து நின்றார்.

"எம்பேர எடுத்துட்டீங்களாமே அண்ணி. நாங்க இன்னா அன்னியமா?"

"ஒம் பொண்டாட்டி நகை இன்னா ஆச்சு?"

"ஏலத்துல போவுது." கண் என் கழுத்துக்குப் போனது. "அதான், உங்க சங்கிலிய ஒரே ஒரு மாசம் குடுத்தீங்கன்னா, அத வச்சி அவ நகையத் திருப்பிடுவேன்."

"அப்புறம் இத எத வச்சி திருப்புவ?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.