ட்ரோன் எழும்பாத காலை

தாராசுரம் பக்கத்துக் கிராமங்களில் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுகிற ஒரே பெண் ஆனந்தவல்லி. நடவு வேலைக்குப் போன குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மகளிர் குழுவில் பயிற்சிக்குப் பெயர் கேட்டபோது தயங்கினாள். "நீ போ, அம்மா பிள்ளையப் பாத்துக்குவாங்க" என்று தைரியம் சொன்னது ராணுவத்தில் இருக்கும் கணவன் இளம்பரிதி.

2024 மே பதினொன்றாம் தேதி காலை. அரசப்பனின் கோடை நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. மருந்தைக் கலந்து ஊற்றி, ட்ரோனை வரப்பில் வைத்து இயக்கினாள். கையிலிருந்த ரிமோட்டின் திரையில் ட்ரோனைக் காட்டும் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல், பக்கத்து மீன்குளம் வரை போய்ப்போய் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி இயக்கினாள். அப்படியேதான்.

"இன்னைக்கு வேணாம்ண்ணே. எங்க நிக்கிறோம்னு அதுக்கே தெரியல. குளத்துல மருந்து விழுந்தா மீனெல்லாம் செத்துப்போயிடும்."

"புழு நீ வர்ற வரைக்கும் சும்மா இருக்குமாம்மா?" அரசப்பன் எரிச்சலோடு பயிரைப் பார்த்தார். பிறகு, "சரி, உனக்குத்தான் தெரியும்" என்றார்.

மெஷினில் பழுதா, தன் கையில் பழுதா என்று குழம்பியபடி வீட்டுக்கு வந்தாள். மதியம் லடாக்கிலிருந்து இளம்பரிதி ஒரு படம் அனுப்பிவிட்டுப் பேசினான். மலைகளுக்கு மேல் வானம் குங்குமத்தைக் கரைத்தது போலச் சிவந்திருந்தது.

"தீயாங்க?"

"இல்ல, துருவ ஒளி. நேத்து ராத்திரி தெரிஞ்சுது. சூரியன்லேருந்து எப்பவும் ஒரு காத்து வீசிக்கிட்டே இருக்குமாம். பூமியோட காந்தம் அதப் பெரும்பாலும் ஒதுக்கி விட்டுடும். தப்பி உள்ள வர்றது வடகோடி தென்கோடிப் பக்கம் இறங்குறதால, அங்கதான் வானம் ஒளிரும். சூரியன் குமுறி அந்தக் காத்து பலமா வந்து மோதினா, ஒளி இவ்வளவு தூரம் இறங்கி வந்துடுமாம். மேல்வானம் கலங்கி, சாட்டிலைட் சிக்னல்கூடத் தடுமாறுமாம். இங்க இருக்கிற ஒரு விஞ்ஞானி சொன்னாரு."

ஆனந்தவல்லி சட்டென்று எழுந்துவிட்டாள். ட்ரோன் தான் இருக்கும் இடத்தை அறிவது அந்தச் சிக்னலை வைத்துத்தான். காலையில் நடந்ததைச் சொன்னாள்.

"நல்லவேளை, பறக்க விடாம இருந்தியே" என்றான் அவன். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் படத்தை அரசப்பனிடம் காட்டினாள். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. இருக்கும்னு தோணுது."

"சூரியன் பண்ணதுக்கு உன்னைக் கோச்சுக்கிட்டேனேம்மா!"

"வேற ஆளைக் கூப்பிடாம இருந்தீங்களே, அதுவே எனக்குப் பெருசு."

மறுநாள், அரசப்பன் சொல்லி விஷயம் அறிந்த மீன்குளத்துக்காரர் வீரையன் வாளியில் இரண்டு விரால் மீனோடு வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை புள்ளி ஆடாமல் நின்றது. அரசப்பனின் பயிருக்கு மருந்தடித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த டீயைக் குடித்தாள்.