கோட்டுக்கு வெளியே நின்ற கால்

எண்பதுகளில் முழங்கால் போனதால் கம்பெனி கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டத்தை விட்டுவிட்டு, அதே கம்பெனியின் தர்மபுரி அணிக்கு மேனேஜராக வந்தேன். காரிமங்கலம் சந்தைத் திடலில் இறுதிப்போட்டி. தோற்றால் அணியையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. இரு தரப்பும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தோம்.

அப்போது பந்து கோட்டை ஒட்டியே, வெளியே நின்றிருந்த என்னை நோக்கி உருண்டு வந்தது. வெளியே போகவில்லை. ஆனாலும் என் கால் என்னைக் கேட்கவில்லை. எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே இருந்த சந்தில் பந்தைத் தட்டிவிட்டது. எங்கள் பையன் அதைக் கோலாக்கினான். ரெஃப்ரி விசிலடித்து, செல்லாது என்றார்.

"மேனேஜரே, பனியன் போட்டுக்கிட்டு உள்ள வாங்க!" என்று கூட்டம் சிரித்தது. கூசிப்போனேன்.

எங்கள் அணியில் என் பழைய நடுக்கள இடத்தில் ஆடிய யூசுப் ஓடி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"இத்தன நாளா வாயால சொன்னீங்க, வெளங்கல. அந்தச் சந்து இப்பதாண்ணா கண்ணுல பட்டுச்சு. நீங்க போயி உக்காருங்க."

கடைசி நேரத்தில் பந்து அவனிடம் வந்தது. பெஞ்சுக்கு அடியில் என் கால் துடித்தது. அவன் அதே சந்தில் தட்டிவிட, கோல் விழுந்தது.

முழங்கால் போன அன்று அழுதேன். அந்த கோல் விழுந்த அன்றும் அழுதேன். அதன்பிறகு, மறுபடி ஆடமாட்டோமா என்று நான் ஏங்கியதே இல்லை.