குறை சொல்ல ஆள் தேடிய சுகப்பிரியா

ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்கிற எங்கள் கம்பெனியில் சுகப்பிரியாவின் பேரைச் சொன்னாலே பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். கடைசிப் பரிசோதனை அவளுடையது. லைட்டைக் கிளாம்பில் ஆடாமல் மாட்டி, தலைக்கு மேல் எரிகிற வெள்ளை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மற்ற யார் கண்ணுக்கும் படாத கீறல் அவள் கண்ணுக்கு மட்டும் பட்டுவிடும். உடனே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, கீறலைக் காட்டுகிற மாதிரி ஒட்டுவாள். அம்பு ஒட்டிய லைட் திரும்பி என்னிடம்தான் வரும், ஏனென்றால் அந்த லைட்டுகளைச் செய்கிற லைனுக்கு லீடர் நான், முனியம்மா. "இன்னாடி, உனுக்கு வேற வேலையே இல்லியா?" என்று நான் கத்தாத ஷிஃப்ட் கிடையாது. அவள் அசர மாட்டாள். "இந்தா இருக்குல்லாக்கா, பாருங்க" என்பாள். பார்த்தால் இருக்கும். அதில்தான் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறும்.

அவளுக்கு ஊர் கடையநல்லூர் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ முடித்த கையோடு இங்கே வந்தவள், கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. மனிதர்களின் முகத்தைப் படம் எடுப்பது. மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம், பூ பறவை எதுவும் வேண்டாம். முகம்தான். யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்த பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். லீவு நாளில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் பெண்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து எடுப்பாள். கம்பெனிக்குள் கேமராவுக்கு இடமில்லை. போன் கேமராவுக்கே கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். ஆகவே அவள் எடுத்த படங்களைக் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நாங்கள் பார்ப்போம்.

பார்த்துவிட்டு என்ன சொல்வோம்? "சூப்பர்" என்போம். நான் மணிமங்கலத்தில் இறங்குகிறவள். அதற்குள் தூக்கம் கண்ணைக் கட்டும். எவளுடைய படத்தை நீட்டினாலும் சூப்பர்தான். போனில் அவள் சேர்ந்திருக்கிற போட்டோ குரூப்பில் போட்டால் நெருப்புப் படமும் இதயப் படமும் வந்து விழும். ஒருவன் மட்டும் நீளமாக ஏதோ எழுதியிருந்தான் என்று ஆசையாகத் திறந்தாளாம். கடைசியில் பார்த்தால் அவளுடைய நம்பரைக் கேட்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஹெச்.ஆர். ஜனார்தன் சார் கேன்டீன் சுவருக்கு ஒரு யோசனை செய்தார். இந்த வருஷம் நன்றாக வேலை செய்த பன்னிரண்டு தொழிலாளர்களின் முகத்தைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும். வழக்கமாக இதற்கெல்லாம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்டூடியோக்காரர் வருவார். சுகப்பிரியா நேராகப் போய், "நான் எடுக்கேன் சார்" என்று கேட்டுவிட்டாள். அவரும் மறுக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள சாம்பிள் கொண்டு வாம்மா. நன்னா இருந்தா நீயே எடு. இல்லேன்னா ஸ்டூடியோகாரர்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எடுத்த படத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்போவது அதுதான் முதல் தடவை. தன்னுடைய படங்களில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, ஆனால் அது என்னவென்று பிடிபடவில்லை. ஊரார் செய்த லைட்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண், சொந்தப் படத்தைப் பார்த்ததும் மங்கிப் போய்விட்டது. "ஒருத்தராவது குத்தம் சொல்லுங்களேன்க்கா" என்று பஸ்ஸில் என் தோளை உலுக்கினாள். தினமும் எங்களைக் குற்றம் சொல்லிச் சொல்லிச் சாகடிக்கிறவள் இப்படிக் கெஞ்சினால் எனக்குச் சிரிப்பு வராதா? வந்தது. நன்றாகவே சிரித்தேன்.

அவள் விடவில்லை. பத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்து, நாங்கள் யூனிஃபார்ம் மாற்றுகிற அறையின் சுவரில் வரிசையாக ஒட்டினாள். பக்கத்தில் ஒரு கட்டு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். மேலே ஒரு தாளில், "குறை இருக்கும் இடத்தில் அம்பு ஒட்டவும். வருத்தப்பட மாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் சுவரெல்லாம் அம்பு. சுகப்பிரியாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஓடிப்போய்ப் பார்த்தாள். பார்த்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. எல்லா அம்பும் முகங்களின் மேல் இருந்தன. ஒருத்தியின் பருவுக்கு ஒன்று, இன்னொருத்தியின் மூக்குக்கு இரண்டு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்புக்கு ஒன்று. ஒட்டியவர்கள் வேறு யாருமில்லை. அவரவர் படத்தில் அவரவரே ஒட்டியிருந்தார்கள்.

மாடத்தியின் படத்தில்தான் அதிகம். மாடத்தி எங்கள் லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவள், சுகப்பிரியாவுக்கு அறைத்தோழி, ஊரும் பக்கத்து ஊர். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. ஆனால் முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு என்பதில் அவளுக்கு ஒரே கூச்சம். லைனில் எல்லோருக்கும் மாஸ்க் உண்டு. வெளியே வந்ததும் நாங்கள் பிய்த்து எறிவோம், அவள் மட்டும் ஹாஸ்டல் வாசல்வரை போட்டுக்கொண்டே போவாள். கேன்டீன் சுவருக்குத் தேர்வான பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. அது தெரிந்த நாளிலிருந்து, ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, படத்துல குத்தம் சொல்லுங்கன்னா மூஞ்சில குத்தம் சொல்லி வச்சிருக்கியளே" என்று சுகப்பிரியா அலுத்துக்கொண்டாள்.

மாடத்திக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பின்ன எங்க ஒட்டச் சொல்லுத? நீ என்னைய படம் எடுத்தியா, இல்ல செக் பண்ணுனியா? உச்சி வெயில்ல மாடியில நிப்பாட்டி, 'ஆடாத, ஆடாத'ன்னு உயிர வாங்குன. நான் என்ன ஹெட்லைட்டாட்டி? அந்த வெளிச்சத்துல நிப்பாட்டுனா யாரா இருந்தாலும் குத்தம்தான் தெரியும்."

நான் மறுபடியும் அந்தப் பத்துப் படத்தையும் பார்த்தேன். அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. பத்துப் பேரும் ஒரே நேராக, ஒரே தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளிச்சம் தலைக்கு நேர் மேலே. கண்கள் குழிக்குள் போயிருக்கின்றன. ஒரே பேட்ச்சில் செய்து வந்த பத்து லைட்டைப் போல இருந்தார்கள். இத்தனை நாளும் சூப்பர் சூப்பர் என்று சொன்ன எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சுகப்பிரியா படங்களைச் சுவரிலிருந்து கழற்றப் போனாள். கண் கலங்கியிருந்தது. அழுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கைகால் ஓடாது, கோபம்தான் வரும்.

"இன்னாத்துக்கு இப்ப கயட்ற? வுடு, அங்கியே இருக்கட்டும்" என்றேன். "லைட்ல கீறல் வந்தா நீ லைட்டயா திட்ற? என்னத்தான வந்து கேக்கற, எங்க தப்பு ஆச்சு, எந்த மிஷின்ல ஆச்சுன்னு. அதே மாதிரி இதுக்கும் கேளு. மூஞ்சிமேல எவளும் ஒட்டக் கூடாது. எடுத்தவ பண்ண தப்புமேலதான் ஒட்டணும். ஒட்டனா சும்மா போவக் கூடாது, இன்னா பண்ணா சரியாவும்னு பக்கத்துல எழுதணும்."

அதன் பிறகுதான் வேடிக்கை. மூஞ்சியை விட்டுவிட்டுப் பாருங்கள் என்று சொன்னதும் எங்கள் பெண்களுக்கு எங்கிருந்துதான் கண் வந்ததோ! ஒருத்தியின் தலையிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் பைப் முளைத்திருப்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். "ஒரு அடி தள்ளி நிக்க வச்சா பைப் போயிடும்" என்று எழுதினாள். "கொடியில காயற நைட்டிய எடுத்துட்டு எடு", "சிரி சிரின்னு சொல்லாதே, சிரிக்கிற மாதிரி எதுனா பேசு", "வெயில் வேணாம், சாயங்காலம் படிக்கட்டு நிழல்ல எடு", "கை படத்துல வந்தா முழுசா வரட்டும், முழங்கையில வெட்டாதே" என்று தாள் தாளாக நிரம்பியது. முக்கால்வாசி யோசனை மாடத்தியுடையது. குறை சொல்ல லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் அவள் மற்றவர்கள் படத்துக்கெல்லாம் தீர்ப்பு எழுதினாள். தன்னை மட்டும் மறுபடியும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சுகப்பிரியா எல்லாவற்றையும் வரிவிடாமல் படித்தாள். எடுத்தாள், ஒட்டினாள், அம்பு வாங்கினாள், மறுபடியும் எடுத்தாள். படிக்கட்டு நிழலில், டீக்கடைப் பந்தலில், ஹாஸ்டல் ஜன்னலோரத்தில் எடுத்தாள். பேசிக்கொண்டே எடுக்கப் பழகினாள். முதலில் பேச்சில் கவனம் போய் படம் ஆடிப்போகும், படத்தில் கவனம் போய் பேச்சு உளறலாகும். எங்கள் பஸ் டிரைவர் கன்னியப்பனிடம், "அண்ணே, உங்க பஸ்ஸுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டுவைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் படம் அருமையாக வந்தது. போகப் போகச் சுவரில் அம்புகள் குறைந்தன.

மாடத்தியின் படம் கிடைத்தது ஒரு காலையில், பஸ் ஸ்டாப்பில். பஸ் வரத் தாமதம். பொழுது போகாமல் மாடத்தி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யாரையோ போல நடித்துக்காட்டியிருக்கிறாள். "இன்னாடி, உனுக்கு வேற வேலையே இல்லியா" என்ற வசனமும் உண்டாம். யாரைப் போல என்று நான் சொல்லத் தேவையில்லை. நடிக்கும்போது மாஸ்க் இடைஞ்சலாக இருக்கவே இழுத்து விட்டுவிட்டு, தன் நடிப்புக்குத் தானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். கேட்டுக்கு முன்னால் கன்னியப்பனிடம் கொடுத்துவைக்கிற கேமரா அப்போது சுகப்பிரியாவின் கையில் இருந்தது, எடுத்துவிட்டாள். மாடத்திக்கு அது தெரியாது.

மாசக் கடைசியில் ஜனார்தன் சாரைப் பார்க்கப் போகும்போது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் படங்களை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். ஒரு படத்தைக் காட்டி, "இந்த ஓரத்துல பஸ் கண்ணாடி பாதி தெரியறது, அதை வெட்டிடலாம்" என்றார். "ஆமா சார்" என்று உடனே குறித்துக்கொண்டாள்.

மாடத்தியின் படம் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். "படம் நன்னாத்தான் இருக்கு. ஆனா பல்லு ரொம்பத் தெரியறதே. சுவர்ல பெருசா மாட்டறச்சே பார்க்க ஒரு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணிடேன்."

"அது குறை இல்ல சார்" என்றாள் சுகப்பிரியா.

"கருத்துச் சொல்லுங்கன்னு நீதானேம்மா கேட்டே?"

"கேட்டேன் சார். வெளிச்சம் பத்தல, தல வெட்டுப்பட்டிருக்குன்னு சொல்லுங்க, மாத்துதேன். நூறு தடவ வேணாலும் மாத்துதேன். அவ பல்ல மாத்த மாட்டேன்."

"அப்போ ஸ்டூடியோகாரரையே கூப்பிட்டுக்கறேன்."

"சரி சார்" என்று படங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சுவருக்காக அந்தப் பெண் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"சார், மூஞ்சி மாடத்தியுது. அவளக் கேக்காம நாம ஏன் பேசிக்கினு இருக்கணும்? கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

மாடத்தி வந்தாள். ஹெச்.ஆர். கூப்பிட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பயந்துகொண்டே வந்தாள். ஜனார்தன் சார் படத்தை அவள் பக்கம் திருப்பினார். சுகப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடத்தி படத்தைக் கையில் எடுத்தாள். முதலில் புரியவில்லை. பிறகு அது எந்த நிமிஷம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, ஹெச்.ஆர். ரூம் என்றும் பார்க்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "முனியம்மாக்கா மாதிரி நடிச்சேன் சார் அன்னைக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஜனார்தன் சார் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இதை இப்படியே மாட்டலாமாம்மா?" என்று கேட்டார்.

"இதுக்கு மேல நல்லா எடுக்க முடியாது சார். நான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கவ, சொல்லுதேன்ல, இதுல ஒண்ணும் இல்ல. பெருசாவே போடுங்க" என்றாள் மாடத்தி.

சுகப்பிரியா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். அதை எடுக்க அங்கே கேமரா இல்லை.

கேன்டீன் சுவரில் இப்போது பன்னிரண்டு முகங்கள் இருக்கின்றன. எல்லாமே சுகப்பிரியா எடுத்தவை. மாடத்தி தினமும் தன் படத்துக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். வேறு யாராவது முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால், தட்டோடு நின்று எழுப்பிவிடுகிறாள்.