வெள்ளை பெயின்ட் அடித்த வால்வு

தரச்சான்று கொடுக்க ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி, பெண் பார்க்க ஆள் வரும் வீடு மாதிரி ஆகிவிட்டது. வாசலில் கோலம், எல்லோருக்கும் புதுச் சீருடை, கை கழுவும் இடங்களில் படம் போட்ட அட்டை. பார்க்க நன்றாக இல்லாத எல்லாம் பின்பக்கம் போயின. நான் அங்கே பயோமெடிக்கல் இன்ஜினியர். இயந்திரங்கள், அலாரங்கள், ஆக்சிஜன் குழாய்கள் என் பொறுப்பு.

பின்பக்கம் போனவற்றில், இரண்டாம் மாடியில் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வெளியே நின்ற சிலிண்டர்களும் உண்டு. குழாயில் ஆக்சிஜன் நின்றுபோனால் உடனே மாட்டுவதற்காக வைத்தவை. நடைபாதையில் எதுவும் நிற்கக் கூடாது, குறை எழுதுவார்கள் என்று பேச்சு வந்தது. ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ஒரே மத்தியானத்தில் அவற்றைக் கீழே ஷெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக்சிஜன் அறையிலும் பெயின்டர் கைவரிசை. குழாய், தாங்கி, வால்வு, வால்வின் சக்கரம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தார். பளிச்சென்று இருந்தது. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனோம்.

அந்த வாரம் மேலே ஆக்சிஜனில் இருந்தது ஒரே ஒரு குழந்தை. மாதம் நிறையுமுன்பே பிறந்த பெண் குழந்தை. என் முன்கை நீளம்கூட இல்லை. அதன் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்பவள். என் வயதுதான் இருக்கும். வார்டுக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் முகத்தையும் வெளியே வருகிறவர்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஆய்வின் இரண்டாம் நாள் காலை, குழுவில் வந்திருந்த மூத்த டாக்டரம்மாவுக்கு அவசர சிகிச்சைப் பிரிவைக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. குழந்தைகள் வார்டு சிஸ்டர்.

“மேடம், ஆக்சிஜன் அலாரம் அடிக்குது. பிரஷர் கம்மியாயிட்டே வருது.”

“மூச்சு குடுக்கற கைப்பம்ப் எடுத்துக்கோங்க சிஸ்டர். போனை ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல வைங்க. கட் பண்ணாதீங்க.”

என் குரல் சாதாரணமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குள் தானாக ஒரு வரிசை ஓடும். முதலில் குழந்தைக்கு மூச்சு. அடுத்து சிலிண்டர் மேலே போக வேண்டும். அடுத்து குழாய். டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். “நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்” என்றார்.

ஓடும்போதே ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் ஷெட்டிலிருந்து சிலிண்டர் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “ஏய், வாங்கடி” என்று மட்டும் கத்தினார்.

ஆக்சிஜன் அறையில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். இடது வரிசை தீரும்போது வலது வரிசையின் வால்வைக் கையால் திறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பாய் வியர்த்து ஊற்ற, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

“திரும்ப மாட்டேங்குதும்மா. பெயின்ட் புடிச்சிக்கிச்சி.”

“எப்போலருந்து பாய்?”

“கொஞ்ச நேரமா. ஆபீசருங்க இருக்காங்களே, எதுக்குப் பேஜார்னு நானே பார்த்தேன்.”

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. பாதுகாப்பாக இருப்பதாகக் காட்டுவதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. பிரஷர் மீட்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

யாரோ ஜெனரேட்டர் அறையிலிருந்து எண்ணெய் டப்பாவோடு வந்தார். அப்போதுதான் நான் முதல் தடவையாகக் கத்தினேன். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய் பட்டால் தீப்பிடித்துவிடும். “வெளிய போங்க. அந்தக் கையோட எதையும் தொடாதீங்க.” அவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

என் கையிலிருந்த போனில் சிஸ்டரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கைப்பம்பின் பலூனை அழுத்தும் சத்தம், பின்னால் அலாரம், நடுவே குழந்தையோடு பேச்சு. “இரு கண்ணு, அத்த இருக்கேன்ல. எண்பத்தெட்டு மேடம். எண்பத்தஞ்சு. இருடி தங்கம்.” குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அது; தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது.

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. கையில் புது அறுவைக் கத்தி இருந்தது. “வழி விடுங்க பாய், நம்ம கேஸ் இது” என்று குனிந்து, சக்கரத்தின் அடியில் பெயின்ட் கட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுரண்ட ஆரம்பித்தார். வெள்ளைத் துணுக்குகள் என் செருப்பின்மேல் விழுந்தன. பாய் விடாமல் திருகினார். நான் அவர் கைமேல் கை வைத்துத் திருகினேன்.

இதற்குள் சிலிண்டர் லிஃப்டை அடைந்திருந்தது. ஆய்வுக் குழுவுக்காக லிஃப்டைத் திறந்து வைத்துக் காவல் நின்ற செக்யூரிட்டி அண்ணன், உள்ளே நின்றிருந்த இன்னொரு ஆய்வாளரை, “சார், நீங்க படியில வாங்க” என்று கையைப் பிடித்து வெளியே விட்டாராம். பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது போனில் கேட்டது கதவு இடிபடும் சத்தமும், “தள்ளுங்க, தள்ளுங்க” என்று அக்காவின் குரலும்தான்.

அப்புறம் சிஸ்டர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

டெக்னீஷியனும் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார்.

“மாட்டியாச்சு மேடம்,” என்றது போன். “தொண்ணூறு. ஏறுது.”

கொஞ்ச நேரத்தில் சக்கரம் ஒரு கிறீச்சோடு நகர்ந்தது. முள் எழுந்தது. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவோரத்தில் டாக்டரம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் குழந்தைகள் டாக்டர், குழந்தையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. அவள் கத்துவாள், வீட்டு ஆட்களை அழைப்பாள் என்று நினைத்து நான் சுவரோரம் நின்றேன். அவள் சுவரிலிருந்த ஆக்சிஜன் மீட்டரைக் காட்டி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“இப்போ வருதாக்கா?”

“வருதும்மா.”

சாயங்காலம் நிறைவுக் கூட்டம். டாக்டரம்மா முதலில் குறைகளைப் படித்தார். வால்வு, ஷெட்டுக்குப் போன சிலிண்டர், உடனே குரல் கொடுக்காதது. சரியாகத்தான் எழுதியிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“காலையில அந்தக் குழந்தைக்காக ஓடினவங்க எந்திரிங்க. அதையும் எழுதியிருக்கேன்.”

யாரும் எழவில்லை. ஹவுஸ்கீப்பிங் அக்கா பக்கத்தில் இருந்தவர்களை முழங்கையால் இடித்து எழுப்பினார். செக்யூரிட்டி அண்ணன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

“நீ இன்னாய்யா?” என்றார் அக்கா.

“நான் ஓடலியே. லிஃப்ட்ல நின்னுக்கினுதான் போனேன்.”

படியில் ஏறிய ஆய்வாளர்தான் முதலில் சிரித்தார்.

டாக்டரம்மாவுக்குப் போர்த்த நிர்வாகி ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் எதையும் வாங்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். “அப்போ யாருக்குப் போடறது?” என்று நிர்வாகி கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சிஸ்டருக்கு என்று அரங்கம் முழுக்கச் சொன்னது. சிஸ்டர் அரங்கில் இல்லை. ஷிப்ட் முடிந்தும் குழந்தையை விட்டு வரவில்லை. எல்லோரும் மேலே போனோம்.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். “துணிமணியெல்லாம் உள்ள வரக் கூடாது சார். அங்கயே வைங்க.”

சால்வை பெஞ்சில் இருந்த அம்மாவின் மடியில் போய்ச் சேர்ந்தது. ஏசி குளிருக்கு அவள் அதைப் பிரித்துப் போர்த்திக்கொண்டாள். நான் அவளைத் தாண்டிப் போகும்போது மெதுவாகக் கேட்டாள்.

“இப்போ வருதாக்கா?”

காலையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் சுவரிலிருந்த மீட்டரிடம் போய் முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“வருது.”

குழந்தையைச் சால்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோன நாள் வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.