முட்டி இடித்த சைக்கிள்

புது டயரின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது முட்டியைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து வந்து படித்த பெண்களுக்கெல்லாம் பள்ளியில் ஒரே அளவுச் சைக்கிள் கொடுத்தார்கள். வகுப்பிலேயே குள்ளமான எனக்கும் அதேதான். சீருடைக்கு அளவெடுத்தவர்களுக்குச் சைக்கிளுக்கு அளவெடுக்கத் தோன்றவில்லை.

சீட்டை முழுக்க இறக்கியும், பெடல் கீழே போகும்போது என் கால் எட்டவில்லை. "நைனா", அதாவது என் அப்பா, இரண்டு வேப்பங்கட்டைகளை அறுத்துப் பெடல்மேல் வைத்து, பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டினார். கால் எட்டியது, ஊரே மெச்சியது. ஆனால் அதே கட்டை மேலே வரும்போது முட்டி நெஞ்சில் இடித்தது. பெடலைத் தாங்கும் இரும்புத் தண்டு, அதாவது "கிராங்க்", நீளமாக இருந்தால் கால் சுற்றும் வட்டமும் பெரிதாகத்தானே இருக்கும். கட்டை வைத்தால் வட்டம் சின்னதாகிவிடுமா? அளவுக்கு மீறி மடங்கி மடங்கி முட்டி வீங்கியது. பழியோ என்மேல் விழுந்தது.

"சைக்கிளு நல்லாத்தான் கீது, இவதான் வளரல" என்றார் நைனா.

"வயசுக்கு வந்த பொண்ணுக்கு முட்டி போச்சின்னா எவன் கட்டிப்பான்? இஸ்கூலு போதும், நிறுத்து" என்றாள் அத்தை.

மறுநாளே வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். ஊர் கண்ணிலிருந்து மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன். அப்புறம் இறங்கி, பள்ளிவரை அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டே நடப்பேன். திரும்பும்போது ஊர் எல்லையில் ஏறி, சிரித்த முகத்தோடு வாசலில் வந்து இறங்குவேன். பத்தாம் வகுப்பை இப்படித்தான் முடித்தேன். சைக்கிள் கொடுத்து என்னைப் படிக்கவைத்ததாக பள்ளி விழா மேடையில் பேசினார்களே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன மாதம் திருப்பதியில் என் மகளுக்குச் சைக்கிள் வாங்கினேன். அவளும் என்னைப் போலக் குள்ளம்தான். கேட்டதும் கடையில் காலை அளந்து பார்த்து, குட்டைக் கிராங்க் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை! இதற்காகவா நான் அத்தனை நாள் நடந்தேன்?

மகள் தெருவில் சுற்றுவதை நைனா வாசலில் நின்று பார்த்தார். "இவ நல்லா ஓட்டிக்கினு போறா. நீதான் அந்த வயசுல ஒயுங்கா ஓட்டல."

"நான் எங்க ஓட்டினேன் நைனா? தள்ளிக்கினுதான் போனேன். தண்டு நீளம், முட்டி வலியில உயிர் போச்சி."

அவர் முகம் மாறியது. "அப்பவே சொல்லக்கூடாதா?"

அந்தச் சைக்கிள் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. வேப்பங்கட்டைகள் அடுப்பில் எரிந்திருக்கும். அத்தையும் இப்போது இல்லை. பதில் சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம்.

"சொல்லியிருந்தா இஸ்கூலுக்கு உட்டிருப்பியா?" என்று கேட்டேன்.