முப்பது டிகிரி

நான் ஆசிரியை ஆவதற்கு முன்பே சிவப்புப் பேனா பிடித்துவிட்டவள். அந்தப் பேனாவால் நான் போட்ட முதல் தப்புக் குறி என் மதினியின் தாளில் விழுந்தது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, அரைப் பக்கத்தை அடைத்துப் போட்ட குறி. அப்போது திண்டுக்கல்லில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருந்தால் அது பாடத்திட்டத்தில் இல்லாததாகத்தான் இருக்கும் என்று நம்பிய காலம். அந்த வயதில் அப்படி இருந்ததில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்ததுதான் தவறு.

மதினி என் அண்ணன் மனைவி; என்னைவிட ஒரே வயது மூத்தவள். எரியோட்டுப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது சீரோடு சேர்த்து ஓர் அரியரையும் கொண்டுவந்தாள். அவள் படித்த பள்ளியில் அந்த வருடம் முழுக்க இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறியவள், ப்ளஸ் ஒன் இயற்பியலில் மட்டும் நின்றுவிட்டாள். அந்த ஒரு தாளைத் தாண்டாமல் கல்லூரியில் சேர முடியாது. அவளுக்கோ படிக்க அவ்வளவு ஆசை. அண்ணனுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. எதைக் கேட்டாலும் "அம்மாவக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். அம்மா ஒரு முடிவு சொன்னாள்: "ஒரு தடவ எழுதட்டும். தேறுனா காலேசு. இல்லைன்னா தோட்டத்தப் பாக்கட்டும். அப்பறம் பேச்சுக் கிடையாது." பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அதைக் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

வெக்டரில் ஆரம்பித்தோம். கிழக்கே மூன்று மீட்டர், வடக்கே நான்கு மீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்போம் என்று கேட்டேன். ஏழு என்றாள். ஐந்து என்றேன். "மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வரப்பு வழியே மோட்டார் ரூமுக்குப் போவதையும் குறுக்கே போவதையும் காட்டினேன். "குறுக்க போனா மொளகாச்செடி மிதிபடும், அத்தை வைவாக" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் அவள் தவறியதே இல்லை. எறிபொருளுக்கு வந்தபோது, வேகத்தை மேல்நோக்கி ஒன்று, முன்னோக்கி ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதை அவளே தன் பாஷையில் சொல்லிக்கொண்டாள். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "மேல போறது ஒரு கணக்கு, முன்னால போறது ஒரு கணக்கு, ரெண்டையும் கலக்கப்படாது" என்பாள்.

அரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். கேள்விகள் எல்லாம் நானே உண்டாக்கியவை. பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்தால், எந்தக் கோணத்தில் எறியும்போது அது மிக அதிக தூரம் போய் விழும்? நாற்பத்தைந்து டிகிரி என்பதுதான் நான் எதிர்பார்த்த விடை. எறிபொருள் என்றாலே நாற்பத்தைந்து என்று மனப்பாடமாகியிருந்தது. மதினி, "நாற்பத்தைந்துக்குக் குறைவு. முப்பது இருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். செய்முறை ஒரு வரி இல்லை. சிவப்புக் குறி போட்டேன்.

அவள் விடவில்லை. "எங்க ஊர்ல பழம் எறியறதப் பாத்திருக்கேன்ல" என்றாள். அவள் பிறந்த ஊரில் தை மாதம் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவர, ஆண்கள் மண்டபத்தின் மேல் ஏறி நின்று கூட்டத்துக்குள் எறிவார்கள். கீழே துண்டை விரித்துப் பிடிப்பவர்களும் ஆண்கள்தான். பெண்கள் ஒதுங்கிப் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். "கீழ நிக்கிற ஆம்பளைகளுக்கு அண்ணாந்து பாக்கத்தான் தெரியும். சைடுல நின்னாத்தான் பழம் வளைஞ்சு போறது தெரியும். ரொம்பத் தூக்கி எறிஞ்சா முன்னாடியே விழுந்துரும் புள்ள. செத்த தணிச்சு எறிஞ்சாத்தான் கடைசில நிக்கிறவன் கைக்குப் போகும்."

"கோயில்ல பாத்ததெல்லாம் பரீட்சைக்கு ஆகாது மதினி. சூத்திரம் என்ன சொல்லுதோ அதத்தான் எழுதணும்" என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "உள்ளதச் சொல்லு. தேறுவாளா?" கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்: "கஷ்டம்மா. சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க." அம்மா விண்ணப்பத் தாளை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அப்ப எதுக்கு வீணா? தோட்டத்துலயும் ஆள் இல்ல" என்றாள். மதினி வெளியே பைப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். மதினிக்குச் செய்முறையோடு காட்டி வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். நாற்பத்தைந்து டிகிரிக்குப் பதினாறு மீட்டரும் கொஞ்சமும் வந்தது. அவள் சொன்ன முப்பதையும் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று அதையும் போட்டேன். பதினேழேகால் மீட்டருக்கு மேல் வந்தது. எங்கோ பிசகிவிட்டேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அதே விடை. நாற்பத்தைந்து என்பது எறிகிற இடமும் விழுகிற இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டும்தான். கணக்கை உண்டாக்கியவள் நான், அதில் கட்டடத்தை வைத்தவளும் நான். அந்தக் கட்டடத்தை மறந்தவளும் நானேதான். முப்பதை விடச் சிறந்த கோணம் இருக்கிறதா என்று இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும் போட்டுப் பார்த்தேன். இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப் பேருந்தைப் பிடித்தேன்.

அம்மா முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தாள். மதினி தேறிவிடுவாள், எழுதட்டும் என்றேன். "நேத்து ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற" என்றாள். "நேத்துச் சொன்னது தப்பும்மா. தப்பு மதினி மேல இல்ல, எம் மேல." அம்மா கட்டை இறுக்கி முடிந்துவிட்டு எழுந்தாள். "காலேசு போற ஒனக்கே தப்பு வருதுன்னா, வாத்தியாரே இல்லாமப் படிச்சவ ஒரு தடவ தவறுனதுல என்ன இருக்கு?" என்றவள், பீரோச் சாவியை என் கையில் கொடுத்தாள். அன்று மதியமே மதினியும் நானும் போய் விண்ணப்பித்துவிட்டு வந்தோம். அவளிடம் கணக்கைக் காட்டி, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அம்மாவிடம் நான் சொன்னதைச் சொல்லவில்லை.

மதினி தேறினாள். என்னைப் போலவே இயற்பியல் எடுத்துப் படித்து, இன்று வேடசந்தூரில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். நல்ல ஆசிரியை என்று பெயர். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு சாயங்காலத்துக்கு நான் நல்லவளாக இல்லை என்பது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் மதினி போனில் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டாள். அவளிடம் படிக்கும் ஒரு பெண் வேறு மாதிரி விடை போட்டிருக்கிறாளாம். "இப்பல்லாம் என்னைய விட நீங்கதான் நல்லாப் போடுறீங்க. எதுக்கு மதினி எங்கிட்டக் கேக்குறீங்க?" என்றேன்.

மதினி சிரித்தாள். பிறகு சொன்னாள். "நா தேற மாட்டேன்னு அத்தைகிட்ட நீ சொன்னது அன்னைக்கே எங் காதுல விழுந்துச்சு புள்ள. பைப்படியிலதான இருந்தேன். ராத்திரியெல்லாம் அழுதேன். மறுநா பாதி வழில எறங்கி ஓடியாந்து, தப்பு எம் மேலன்னு சொன்னியே, அதையுந்தான் கேட்டேன். தப்புப் போட்டா தப்புன்னு சொல்றவ ஒருத்தி வீட்டுலயே இருக்கையில நா வேற யாருகிட்டப் போயிக் கேக்க?"

"அன்னைக்கு நா..." என்று ஆரம்பித்தேன். "சரி சரி, பேப்பர எடு" என்றாள் மதினி. "பிள்ளைக காத்துக்கிட்டு இருக்காக."